எல்லாக் கோள்களுக்கும் ஒரே குரல்

வூச் நகரத்தில், எங்கள் நான்காம் மாடியில்,
வேற்றுக்கிரகத்தார் அத்தனை பேரும்
பொகுமீல் ஷ்ரைடா என்கிற ஒரே ஆளின் குரலில்தான் பேசினார்கள்.

தளபதி பேசினாலும் அவர்.
தளபதியைக் காதலிக்கும் விமானி பேசினாலும் அவர்.
முட்டையை உடைத்துக்கொண்டு வந்த
ஆறுகால் குட்டி அழுதால் மட்டும் சும்மா இருப்பார்.
அழுகையை என்னவென்று போலிஷில் சொல்வது?

அடியில் ஆங்கிலம்
பக்கத்து வீட்டுச் சண்டைபோல் முணுமுணுக்கும்.
மேலே அவர்,
மின்கட்டண ரசீதை வாசிக்கிற நிதானத்தில்:
"எங்கள் சூரியன் செத்துக்கொண்டிருக்கிறது.
எங்களுக்கு இடம் வேண்டும்."

'சாம்பல் சுற்றுப்பாதை', ஏழாம் பாகம்.
ராணி ஓரானா போர் அறிவிக்கும்போது
ஷ்ரைடா இருமிவிட்டார்.
வெட்டாமல் அப்படியே ஒளிபரப்பினார்கள்.
நாடாவில் பதிந்துவைத்து
நானும் தம்பி கெர்வாசியும் தேயத் தேயப் பார்த்தோம்.
ராணிக்குக் காசநோய் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.
பதினோராம் பாகத்தில் அவள் செத்தபோது
வகுப்பே அதிர்ந்தது.
எனக்கு முன்பே தெரியும்.

நூலகத்தில் எடுத்த ஒரு நாவலில்
கடைசிப் பதினெட்டுப் பக்கங்களை
எவனோ கிழித்திருந்தான்.
முடிவை நானே எழுதினேன், கணக்கு நோட்டின் பின்புறம்:
கப்பல் திரும்பி வருகிறது.
இருபத்தாறு வருடம் கழித்து
பழைய சாமான் சந்தையில் முழுப் பிரதி கிடைத்தது.
வாங்கி, பிரிக்காமல் வைத்துவிட்டேன்
என்று சொல்லத்தான் ஆசை.
அன்றே படித்தேன், நின்றபடி, கையுறையைக் கழற்றாமல்.
கப்பல் வெடித்துச் சிதறுகிறது.
என்னுடையது இன்னும்
திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது.

செவ்வாயில் முதல் நகரம் எழும் என்று
ஒரு படம் குறித்துக் கொடுத்த தேதி
சாதாரணச் செவ்வாய்க்கிழமையாக விடிந்தது.
இரவு டிராம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.
தண்டவாளத்தில் உப்பு, கம்பியில் பனி,
பின் இருக்கையில் ஒருவன் காலணியைக் கழற்றிவிட்டுத் தூங்கினான்.
அந்தப் படங்களில் யாரும் சீட்டு வாங்கியதில்லை.
விண்கப்பலைக் கழுவுகிறவர்களைக் காட்டியதே இல்லை.
ஆனாலும் விட்டுவிட முடிந்ததா?
ஐம்பத்திரண்டு வயதில்
நடுநிசி முடிந்து பணிமனைக்குத் திரும்பும்போது
மூடுபனிக்குள் விளக்கைப் போட்டால்
இன்றும் என் வயிற்றில் ஏதோ மேலெழும்புகிறது.

போன குளிர்காலம் கெர்வாசியின் மகள்
பழைய தொடரைத் துடைத்துச் சுத்தம் செய்த பிரதியில் காட்டினாள்.
ஷ்ரைடா இல்லை.
ஆளுக்கொரு தொண்டை.
ராணியின் குரல் தேன் தடவிய கத்தி.
நன்றாகத்தான் இருந்தது.
எல்லோரும் பொய் சொல்வதுபோலவும் இருந்தது.
ஏழாம் பாகத்தில் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.
அவள் இருமவில்லை.
ஒரு குறையும் இல்லாமல் போரை அறிவித்தாள்.

மார்ச்சில், கடைசி வண்டியில்,
கிடங்கு வேலை முடிந்த ஒருவர்
என் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார்.
கேள்விப்பட்டே இராத மொழி.
கைபேசியை வாயருகே பிடித்துப் பேசினார்;
அது போலிஷில் சொன்னது,
ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், ரசீது வாசிப்பதுபோல்:
"நான் இறங்க வேண்டிய இடம் கடந்துவிட்டதா?
எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது."

கை பிரேக்கிலேயே இருந்தது.
பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை.
அவருடைய சொந்தக் குரல்
அடியில் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது,
கரகரப்பாக, அவசரமாக.

"இல்லை, இன்னும் இரண்டு நிறுத்தம்" என்றேன்.
கைபேசி அதை எடுத்துக்கொண்டுபோய்
எந்த ஊர்ச் சொற்களாகவோ அவரிடம் கொடுத்தது.
தலையசைத்தார்.
பிறகு இருமினார், நீளமாக,
முழங்கையில் முகம் புதைத்து.

கைபேசி சும்மா இருந்தது.
எனக்குப் புரிந்தது.
இருக்கைக்கு அடியிலிருந்து
என் தேநீர்க் குடுவையை எடுத்தேன்.